35ஆல் வகுத்த பீஷ்மர்

அவசரக் கணக்குக்காரர்களுக்கு ஒரு கேள்வி. 46.5 டன் எடையுள்ள ஒரு டாங்கியை 35ல் ஒரு பங்காகச் சுருக்கினால் என்ன எடை இருக்கும்?

1,328 கிலோ என்று சொன்னவர்கள் உட்காரலாம். அவ்வளவு கனத்தை எந்த ஷோகேஸ் தாங்கும்? நீளத்தை 35ஆல் வகுக்கும்போது அகலமும் உயரமும் கூடவே வகுபடும். ஆக, 35ஐ 35ஆல் பெருக்கி, மறுபடியும் 35ஆல் பெருக்கி, வருகிற 42,875ஆல் எடையை வகுக்க வேண்டும். விடை, ஒரு கிலோ 85 கிராம். மளிகைக் கடையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்கிப் பாருங்கள். முப்பத்தைந்தில் ஒரு பங்கு டி-90 டாங்கி அவ்வளவுதான். உள்ளே உட்காரும் 70 கிலோ சிப்பாய் அதே கணக்கில் ஒன்றரை கிராம் சொச்சம். உயரம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. (பி.காம். படித்தவன். கணக்கு கையில் கிடைத்தால் லேசில் விடமாட்டேன்.)

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம். சினிமாவுக்கு எழுதுகிறோம். ஹோட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். பொம்மைக்கு யாரும் எழுதுவதில்லை. இந்த வாரம் எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் இது குழந்தைகள் உருட்டி விளையாடும் பொம்மை அல்ல. 'ஸ்கேல் மாடல் கிட்' என்று டப்பாவில் வரும் சமாச்சாரம். திறந்தால் டாங்கி இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான துண்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, படம் பார்த்து ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். முடிக்க மாதக்கணக்கில் ஆகும். இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள்.

அதென்ன 35? முப்பது என்றோ ஐம்பது என்றோ முழு எண்ணாக வைத்திருக்கக் கூடாதா? காரணம் ரொம்பச் சாதாரணமானது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிஸுவோகா ஊரில் தமியா என்ற கம்பெனி, ஜெர்மனியின் பேந்தர் டாங்கியை மோட்டார் வைத்த கிட்டாகப் போட்டது. மோட்டாரும் பேட்டரிகளும் உள்ளே அடங்குகிற மாதிரி உடம்பை அமைத்தார்கள். செய்து முடித்துவிட்டு, நிஜ டாங்கியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. அதுவே நிலைத்துவிட்டது. இன்று உலகம் முழுக்க டாங்கி மாடல்களுக்கு அதுதான் சாஸ்திரம். அந்தக் கம்பெனியை உலகப் பெயராக்கிய ஷுன்ஸாகு தமியா 2025 ஜூலையில், 90 வயதில் காலமானார். போர்ஷே 911 காரை மாடலாகச் செய்வதற்காக நிஜக் காரையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்த மனிதர்.

நம் சிற்பிகளுக்கும் அளவுக் கணக்கு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாலம். சிலைக்கு இத்தனை தாலம் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். கொலுவில்தான் இந்த வம்பே கிடையாது. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் செய்த செட்டியார் பொம்மை, கீழே 'பார்க்'கில் நிற்கும் யானையை விடப் பெரிதாக இருப்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மாடல்காரர்களிடம் அது நடக்காது. போல்ட் ஒன்று அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். 1963ல் பிரிட்டனில் ஆரம்பித்து உலகம் முழுக்கக் கிளை பரப்பிய ஐ.பி.எம்.எஸ். என்ற சங்கத்தின் போட்டிகளில், நடுவர்கள் பேனா டார்ச் அடித்து ஒட்டின கோடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

சரி, நம்ம ஊர் டாங்கிக்கு வருவோம்.

ஆவடியில் இரண்டு மகாபாரதப் பாத்திரங்கள் இருக்கிறார்கள். ஒருவர் அர்ஜுன், நம்மவர்களே வடிவமைத்தது. இன்னொருவர் பீஷ்மா, ரஷ்யாவின் டி-90. பீஷ்மா வந்த கதையைக் கேட்டால் மாடல்காரர்களுக்குச் சிரிப்பு வரும். 2001 பிப்ரவரியில் 310 டாங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டோம். அதில் 124 முழுசாக வந்தன. மிச்சம் 186? கிட்டாக! பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்திறங்க, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பூட்டினார்கள். அப்புறம்தான் உரிமம் வாங்கி இங்கேயே தயாரிப்பது. அப்படி உருவான முதல் பத்து டாங்கிகள் 2009 ஆகஸ்டில் வெளியே வந்தன. அந்தத் தொழிற்சாலை 2021 அக்டோபரிலிருந்து ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் என்ற புது கம்பெனியின் கீழ் இருக்கிறது.

இந்த பீஷ்மாவை மேஜை மேல் நிறுத்த ஆசைப்பட்டு நீங்கள் கடையில் ஒரு டி-90 கிட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரஷ்யாவின் ஸ்வெஸ்தா, சீனாவின் மெங், டிரம்பெட்டர் என்று பல கம்பெனிகள் போடுகின்றன. டப்பாப் படத்திலேயே தெரியும், பீரங்கிக் குழலின் இரண்டு பக்கமும் சிவப்பாக இரண்டு கண்கள். 'ஷ்டோரா' என்று பெயர். பாய்ந்து வரும் ஏவுகணையின் வழிகாட்டலைக் குழப்புகிற அகச்சிவப்பு விளக்குகள். டி-90 என்றால் உலகத்துக்கு ஞாபகம் வருவதே அந்தக் கண்கள்தான்.

நம்ம பீஷ்மாவுக்கு அந்தக் கண்கள் கிடையாது. நாம் ஷ்டோரா இல்லாமல் வாங்கினோம். அந்த இடத்தில் எதிர்வெடிக் கவசக் கட்டிகள் உட்கார்ந்திருக்கும். குண்டு வந்து மோதினால் தானும் வெடித்து அதன் வேகத்தைக் கெடுக்கும் கட்டிகள். இன்னொரு வித்தியாசம்: முதலில் வந்த சில டாங்கிகளுக்கு மேலே சுழலும் கூடு வார்ப்பில் செய்தது. ஓரமெல்லாம் உருண்டையாக இருக்கும். பின்னால் வந்தவை தகடுகளைப் பற்றவைத்தவை, கோணல் கோணலாக இருக்கும். எந்த வருஷத்து பீஷ்மாவைச் செய்யப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு பண்ணியாக வேண்டும். நம்பர் வேறு. நம்ம ராணுவ வண்டி நம்பரில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். ரஷ்ய டப்பாவில் அது எங்கே இருக்கப்போகிறது?

இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. டப்பாவில் இல்லாத டாங்கியை டப்பாவிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு வெட்ட வேண்டும், சேர்க்க வேண்டும், முக்கியமாகப் பார்க்க வேண்டும். குடியரசு தினப் படங்களை வைத்துக்கொண்டு, இந்தக் கட்டி எத்தனை, அந்த மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று எண்ண வேண்டும். 'இம்ப்ரூவ்மென்ட்' என்று மாடல்காரர்கள் சொல்வது இதைத்தான். அதாவது, சொல்லத்தான் செய்கிறார்கள். நடப்பது வேறு.

நடப்பது ஷாப்பிங். பிளாஸ்டிக் குழல் பிடிக்கவில்லையா, போலந்தின் அபெர் கம்பெனி உலோகத்தில் கடைந்த குழல் விற்கிறது. ரப்பர் செயின் பிடிக்கவில்லையா, ஹங்கேரியின் ஃப்ரியூல்மாடல் ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கும் உலோகச் செயின் தருகிறது. ஜல்லடைக்குப் பித்தளைத் தகடு, கருவிப் பெட்டிக்கு ரெசின் வார்ப்பு. கூட்டிப் பார்த்தால் திருத்தங்களின் விலை கிட்டின் விலையைத் தாண்டிவிடும். மூலதனத்தை விடப் பராமரிப்புச் செலவு அதிகமான வியாபாரத்தை எங்கள் வாத்தியார் என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது. பொருள்களைக் குறை சொல்லவில்லை. அபெர் குழலைக் கையில் வைத்துப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். என் புகார், அதை வாங்கி ஒட்டுகிறவர் எதையும் பார்க்கவில்லை என்பதுதான். அவருக்காக யாரோ பார்த்துவிட்டார்கள். இவர் பில் கட்டினார்.

அடுத்தது அழுக்கு. 1980களில் பெல்ஜியத்துக்காரர் வெர்லிண்டன், மெல்லிய கறுப்பைப் பள்ளங்களில் ஓடவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளை லேசாகத் தடவி, பிளாஸ்டிக்குக்கு உயிர் கொடுத்துக் காட்டினார். 2000களில் ஸ்பெயினின் மிக் ஹிமெனெஸ் போன்றவர்கள் அதைப் பெரிய கலையாகவே வளர்த்தார்கள். துருவுக்கு ஒரு பாட்டில், சேற்றுக்கு ஒரு பாட்டில், எண்ணெய்க் கசிவுக்கு ஒரு பாட்டில். குருமார்கள் கையில் அழகாகத்தான் இருக்கிறது. சிஷ்யகோடிகள் கையில்? ஒவ்வொரு டாங்கியும் ஆற்றங்கரையில் நாற்பது வருஷம் கிடந்த மாதிரி நிற்கிறது.

மறுபடியும் கணக்குக்கு வாருங்கள். மாடலில் ஒரு மில்லிமீட்டர் கீறல் போட்டால் நிஜத்தில் அது மூன்றரை சென்டிமீட்டர் வெட்டு. ஒரு அடி தள்ளி நின்று மாடலைப் பார்க்கிறீர்கள் என்றால், நிஜ டாங்கியை 35 அடி தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள். அந்தத் தூரத்தில் போல்ட் தலையில் இருக்கும் துரு உங்கள் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. நிறம்கூடக் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். அதனால் நிஜப் பச்சையை அப்படியே அடித்தால் மாடல் இருட்டாகிவிடும், சற்று வெள்ளை கலக்க வேண்டும் என்பது இந்தக் கலையின் பழைய பாடம். துருப் பாட்டிலைத் திறந்ததும் அந்தப் பாடம் மறந்துபோகிறது.

இதையெல்லாம் என்னை யோசிக்க வைத்தது பேரையூரில் பார்த்த ஒரு பீஷ்மா.

மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வழியாகப் போனால் பேரையூர். மேற்கே மலை தெரியும். சுற்றிலும் கரிசல். அங்கே 'டேங்க்' என்றால் கண்மாய்தான். சர்க்கார் ஆவணங்களிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். (1915-16ல் பிரிட்டிஷ்காரர்கள் இந்த யுத்த வண்டியை ரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி தயாரிப்பதாகக் கதை கட்டிவிட்டார்கள். அதனால்தான் 'டேங்க்' என்ற பெயரே.) ஊரில் மிலிட்டரிக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர். பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இ.எம்.இ. பிரிவில் மெக்கானிக்காக இருந்தவர். டி-72, பிறகு டி-90 இரண்டின் வயிற்றுக்குள்ளும் படுத்து எழுந்தவர். சிங்கப்பூரிலிருந்து தங்கச்சி மகன் கொண்டுவந்து கொடுத்த கிட்டை, தன் மோட்டார் ரிப்பேர் கடையின் பின்பக்கத்தில் வைத்து எட்டு மாதமாகப் பூட்டியிருக்கிறார்.

போட்டியில் பரிசு வாங்கிய டாங்கி ஒன்றின் படத்தை என் செல்போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன தம்பி, கெணத்துலேர்ந்து எடுத்ததா?"

"இல்லண்ணே, அப்படித்தான் பெயிண்ட் பண்ணுவாங்களாம். யுத்தத்துல ஓடின டாங்கி மாதிரி."

"துரு தெரிஞ்சா எங்களுக்கு மெமோ வந்துரும் தம்பி. பெயிண்ட் டப்பாவத் தூக்கிட்டு ஓடுவோம்."

விமர்சனம் என்று ஆரம்பித்துவிட்டதால் அவர் டாங்கியின் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். குழலின் நீளவாக்கில் ஒட்டின கோடு தெரிகிறது. டார்ச் அடிக்கிற நடுவர் அங்கேயே மார்க்கைக் குறைத்துவிடுவார். இடது பக்கம் நாலாவது சக்கரம் தரையைத் தொடவில்லை. பச்சை ரொம்ப அழுத்தம், வெள்ளை கலக்கவில்லை. "பட்டாலியன்ல குடுத்த கலரு இதான்" என்கிறார். சரிதான், ஆனால் 35 அடி தூரத்தில் கண் அதை வேறு மாதிரி பார்க்கும் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கீழ்ப்பாகத்தில் தடவியிருக்கும் மண், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கண்மாய்க் கரிசல். பீஷ்மா ஓடிய ராஜஸ்தான் மணலுக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது.

ஆனால் அந்த மண்ணை எங்கே தடவியிருக்கிறார் என்று பாருங்கள். வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்திருக்கிறார். அரை மில்லிமீட்டர் மணல் துகள் ஒட்டினாலும் அது நிஜத்தில் ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் ஜல்லி ஆகிவிடும் என்பது கணக்குப் போடாமலே அவருக்குத் தெரிகிறது. சக்கரங்களுக்கு நடுவே, மட்காட்டின் அடியில், பின்பக்கத் தகட்டில், அவ்வளவுதான். மேலே ஒரு பொட்டு இல்லை. எந்த இடத்து அழுக்கைச் சுரண்டி விரல் தேய்ந்ததோ அந்த இடத்தில் மட்டும் இருக்கிறது.

சிவப்புக் கண்கள் போய்விட்டன. அந்த இடத்துக் கவசக் கட்டிகளை, பேத்தியின் பழைய பிளாஸ்டிக் ஸ்கேலை நறுக்கிச் செய்திருக்கிறார். ஸ்கேல் மாடலுக்கு ஸ்கேல்! ஆன்டெனாவுக்கு, மிச்சமான பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகியதும் இழுத்து மயிர் மாதிரி ஆக்கியிருக்கிறார். தார்ப்பாய்க்கு மெடிக்கல் ஷாப் காஸ் துணி, ஃபெவிக்காலில் நனைத்து மடித்தது. நம்பரும் அம்புக்குறியும் கையால் எழுதியது. எழுத்து கொஞ்சம் தடிமன்தான். வாங்கியது என்று பார்த்தால் ஃபெவிகுவிக், எனாமல் பெயிண்ட், டர்பன்டைன்.

இதையெல்லாம் விட என்னை நிறுத்தியது வேறு. மேல்கூட்டின் பின்பக்கம், சாமான் கூடையில், படுக்கைச் சுருள்கள் கட்டிக் கிடக்கின்றன. பக்கத்தில் கேன்வாஸ் தண்ணீர்ப் பை. கம்பியில் மூன்று குவளைகள் தொங்குகின்றன. எந்தக் கிட்டிலும் வராத, எந்தக் கடையிலும் விற்காத மூன்று குவளைகள்.

"ஏண்ணே மூணு?"

"உள்ள மூணு பேருதானப்பா."

டி-72லும் டி-90லும் குண்டை இயந்திரமே எடுத்துப் போடும். அதனால் ஆட்கள் மூன்றே பேர். ஓட்டுநர் முன்னால் நடுவில், மற்ற இருவரும் மேல்கூட்டில். அந்த இருவரின் காலுக்குக் கீழே ராட்டினம் மாதிரி ஒரு தட்டில் 22 குண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும். 2022லிருந்து உக்ரைனில் இந்த வகை டாங்கிகளின் மேல்கூடு தனியாகப் பறந்துபோய் விழுந்து கிடந்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டில் தீப்பிடித்தால் அதுதான் கதி. படங்களைப் பார்த்து எரிந்த டாங்கி மாடல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் பாட்டிலில் நிறம் கிடைக்கிறது.

பெரும்பாலான டாங்கி கிட்டுகளைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. வெளியே ஆயிரம் போல்ட், உள்ளே காற்று. கடந்த பத்துப் பதினைந்து வருஷங்களாக, உள் அமைப்பு முழுவதையும் தருகிற கிட்டுகள் நிறைய வருகின்றன. இருக்கை, குண்டுத் தட்டு, எஞ்சின் எல்லாம் இருக்கும். ஒட்டி மூடினதும் தெரியாது. மிலிட்டரிக்காரரின் டாங்கிக்கும் உள்ளே காற்றுதான். ஓட்டுநர் மூடியை மட்டும் அரைவாசி திறந்து, ஒரு தலையை வெளியே வைத்திருக்கிறார். பாலைவன வெயிலில் உள்ளே உட்கார்ந்து ஓட்ட முடியாது, சண்டை இல்லாத நேரத்தில் எல்லாரும் தலையை வெளியே வைத்துத்தான் ஓட்டுவார்கள் என்றார். தலை சோளப்பொரி மாதிரி இருக்கிறது, மூக்கு இல்லை. இருந்தாலும் உள்ளே ஆள் இருக்கிறான் என்று தெரிகிறது. பரிசு வாங்கிய டாங்கியை மறுபடி செல்போனில் எடுத்துப் பார்த்தேன். அத்தனை துருவிலும் யாரும் அதில் ஏறி இறங்கியதற்கான அடையாளம் இல்லை.

அதற்காக அவரிடம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க முடியுமா? குவளைகளை என் பையில் இருந்த ஸ்கேலால் அளந்தேன். ஒவ்வொன்றும் நாலு மில்லிமீட்டர் உயரம். நிஜத்தில் 14 சென்டிமீட்டர் ஆகிறது. "இது குவளை இல்லண்ணே, செம்பு" என்றேன்.

"டீ அவ்வளவுதான் குடிப்பாய்ங்க" என்றார்.

இப்போது அர்ஜுனில் இறங்கியிருக்கிறார். 1974ல் அனுமதி கிடைத்து, மூன்று பத்தாண்டுகள் தாண்டி ராணுவத்துக்குள் வந்து சேர்ந்த டாங்கி. 58 டன்னுக்கு மேல். 35ஆல் மும்முறை வகுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ 365 கிராம் வருகிறது. 2010ல் பாலைவனத்தில் பீஷ்மாவோடு ஒப்பீட்டுச் சோதனையில் ஓடியது. புராணத்தில் யார் யாரைச் சாய்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ராணுவத்தின் எண்ணிக்கையில் என்னவோ பீஷ்மா ஆயிரத்துக்கு மேல், அர்ஜுன் முதல் ரகம் 124தான். திருத்திய ரகமான மார்க் 1ஏ-வை 2021 பிப்ரவரியில் சென்னையில் பிரதமர் ராணுவத்திடம் ஒப்படைத்தார்.

இதற்கு அவர் டப்பாவே வாங்கவில்லை. அர்ஜுனின் மேல்கூடு தட்டையான பலகைகளைச் சேர்த்த மாதிரி இருக்கும், அட்டைக்குத் தோதான உருவம். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை மூன்று மூன்றாக ஒட்டிக் காயவைத்து வெட்டிக்கொண்டிருக்கிறார். சிக்கல் சக்கரத்தில்தான். பீஷ்மாவுக்குப் பக்கத்துக்கு ஆறு, அர்ஜுனுக்கு ஏழு. ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு. ஆக மொத்தம் 28. எல்லாம் ஒரே அளவாக, ஒரே தடிமனாக வேண்டும். கோட் பொத்தான் சரியாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, டி.கல்லுப்பட்டி டெய்லரிடம் சொல்லிவைத்திருக்கிறார். இதுவரை பத்தொன்பது சேர்ந்திருக்கிறது. இந்த வெயிலில் அந்தப் பக்கம் யார் கோட் தைக்கிறார்கள்?